நீராவி அட்டவணையிலிருந்து எம்டிஎக்ஸ் வரை

மும்பை–புனே பழைய நெடுஞ்சாலையில், தாபோடிக்கும் பிம்ப்ரிக்கும் நடுவே இருக்கிறது கசார்வாடி. சாலையை ஒட்டி ரயில் பாதை, தலைக்கு மேல் 2022 மார்ச்சில் ஓடத் தொடங்கிய மெட்ரோ, சுற்றிலும் விடுதலைக்குப் பின் வளர்ந்த தொழிற்சாலைகள். நீராவிப் பொறியியலுக்கும் அளவீட்டுக் கருவிகளுக்கும் பெயர்பெற்ற ஃபோர்ப்ஸ் மார்ஷல் நிறுவனத்தின் இருப்பிடமும் இதுதான். நீராவியைக் கையாளும் எந்தத் தொழிலும் ஓர் அட்டவணை இல்லாமல் நடக்காது. கடல்மட்டக் காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. 10 பார் தனி அழுத்தத்தில் ஏறத்தாழ 180 டிகிரி வந்தால்தான் கொதிக்கும். ஒரு கிலோ நீரை ஆவியாக்கத் தேவையான உள்ளுறை வெப்பம் முதல் நிலையில் சுமார் 2257 கிலோஜூல், இரண்டாம் நிலையில் சுமார் 2015 கிலோஜூல். அழுத்தம் ஏற ஏறக் கொதிநிலை உயரும், உள்ளுறை வெப்பம் குறையும் என்ற விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். எந்த அழுத்தத்துக்கு எவ்வளவு என்று சொல்ல வாக்கியம் போதாது. அதனால்தான் பொறியியல் நூல்களின் பின்பகுதியில் அட்டவணைகள் சேர்ந்தன. 1904இல் ஜெர்மானியரான ரிச்சர்ட் மோலியர் நீராவியின் பண்புகளை ஒரே தாளில் படிக்கும்படி வரைபடமாக்கியதும் அதற்காகத்தான். உரைநடை காரணத்தைச் சொன்னது. அட்டவணை அளவைச் சொன்னது.

இன்று அதே பாடத்தை இணையப் பக்கமாக எழுதுபவர் அட்டவணையை அச்சிட வேண்டியதில்லை. பத்திக்கு நடுவே ஒரு நகர்த்துப் பட்டையை வைக்கலாம். படிப்பவர் அதை இழுத்தால் கொதிநிலையும் உள்ளுறை வெப்பமும் அவர் கண்முன் மாறும். எளிய குறிகளால் எழுதப்படும் மார்க்டவுன் உரைக்குள் இப்படி இயங்கும் கூறுகளை, வலைத்தளம் கட்டுபவர்கள் காம்பொனென்ட் என்று சொல்பவற்றை, நேரடியாகப் பதிக்கும் முறைகளில் இப்போது பரவலாக இருப்பது எம்டிஎக்ஸ். இது 2018இல் திடீரென முளைத்த புதுமை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. உண்மையில் எழுத்துக்குள் இயந்திரத்தை வைக்கும் வழக்கத்துக்கு அறுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது: கூறு நின்றுபோன பின்னும் படிக்க முடிந்த எழுத்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது, கூறு இயங்கினால் மட்டுமே பொருள் தந்த எழுத்து அந்தக் கூறோடு சேர்ந்து அழிந்தது. ஆகவே கலப்பு சரியா தவறா என்று விவாதிப்பதில் பயன் குறைவு. கூறை எடுத்துவிட்டால் பத்தி நிற்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். 1964இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் என்ற நிரலில் உரை உரையாகவே தட்டச்சு செய்யப்படும். ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் மட்டும் அது இயந்திரத்துக்கான கட்டளை. அந்த மரபில் பெல் ஆய்வகத்தின் ஜோ ஒசானா 1973 அளவில் டிராஃப் நிரலை உருவாக்கினார். அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கு உரையை அனுப்ப அது போதும். கணிதச் சமன்பாடுகளுக்கும் அட்டவணைகளுக்கும் போதாது. அங்கேதான் முதல் உண்மையான கலப்பு நடந்தது. பிரையன் கெர்னிகனும் லொரிண்டா செர்ரியும் சமன்பாடுகளுக்கென ஈக்யூஎன் என்ற தனி நிரலையும், மைக் லெஸ்க் அட்டவணைகளுக்கென டிபிஎல் என்ற தனி நிரலையும் எழுதினார்கள். உரைக்கு நடுவே ஒரு தொடக்கக் குறியும் ஒரு முடிவுக் குறியும் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியை மட்டும் அந்தத் தனி நிரல் எடுத்துக்கொள்ளும். மற்றதை அது தொடாது. கணிதம் தெரியாத தட்டச்சரும் அடிக்கும்படி, சமன்பாட்டை வாய்விட்டுப் படிப்பது போன்ற சொற்களிலேயே எழுதவும் ஈக்யூஎன் வழி செய்தது. அந்த நிரல் இல்லாத கணினியிலும் மூலக்கோப்பைத் திறந்தவருக்குச் சமன்பாடு என்னவென்று புரியும். கூறுக்கு எல்லை வேண்டும், எல்லைக்குள் இருப்பதும் மனிதர் படிக்கும்படி இருக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் அப்போதே வந்துவிட்டன. யூனிக்ஸ் கையேடுகளின் பழைய மூலக்கோப்புகளை இன்றைய ஜிராஃப் நிரல் கொண்டு அழகாக அச்சிட முடிவதற்கு அவையே காரணம்.

உரைக்குள் இயந்திரத்துக்கான குறிகளை வைக்கும் இதே சிக்கல் இந்திய மொழிகளுக்கு வந்தபோது, விடை தேடிய முக்கியமான இடம் கசார்வாடிக்குச் சில கிலோமீட்டர் தெற்கே, புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருந்தது. 1988இல் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தைப் பலரும் 1991இன் பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டருக்காக நினைவில் வைத்திருப்பார்கள். ஆனால் தமிழ் உள்ளிட்ட மொழிகளின் எழுத்துக்கு அங்கே நடந்த வேலையும் பெரிது. கான்பூர் ஐஐடியில் உருவான ஜிஸ்ட் தொழில்நுட்பம் அங்கே வந்து சேர்ந்தது; கணினிக்குள் ஓர் அட்டையைச் செருகினால் ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட டாஸ் நிரல்களிலும் இந்திய எழுத்துகள் திரையில் தெரியும். அதன் அடியில் இருந்தது இஸ்கி என்ற குறியேற்றம். 1991இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் அதை ஐஎஸ் 13194 என்ற தரமாக வெளியிட்டது. பிராமியில் கிளைத்த முக்கிய இந்திய எழுத்துமுறைகளுக்குப் பொதுவாக ஒரே குறிவரிசை: ‘க’ எந்த மொழியில் இருந்தாலும் அதற்கு ஒரே எண். எந்த எழுத்துமுறையில் காட்டுவது என்று சொல்ல ஏடிஆர் என்ற சிறப்புக் குறி ஒன்று உரைக்குள்ளேயே வைக்கப்பட்டது. அதை அடுத்து வரும் குறி ‘இனித் தமிழில் காட்டு’ என்றோ ‘இனித் தேவநாகரியில் காட்டு’ என்றோ சொல்லும். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, அடிக்கோடு ஆகியவற்றையும் அதே வழியில் சொல்லலாம். சொல்லும், சொல்லைக் காட்டும் விதமும் ஒரே ஓடையில் ஓடின. மார்க்டவுன் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எளிய உரைக்குள் குறிகளை இட்டு எழுதும் முறையை ஓர் இந்தியத் தரம் தன் உடம்பிலேயே ஏற்றுக்கொண்டிருந்தது.

பின்னால் நடந்தது நம் வாதத்துக்கு நேரான சான்று. 1991இல் வந்த யூனிகோட் தன் இந்திய எழுத்துப் பகுதிகளை இஸ்கியின் முந்தைய, 1988ஆம் ஆண்டு வடிவத்தின் வரிசையிலேயே அமைத்தது. தமிழ்ப் பகுதியில் இன்றும் காணப்படும் வெற்றிடங்கள் அந்தப் பொது வரிசையின் தடம். ஆனால் ஒவ்வோர் எழுத்துமுறைக்கும் தனி இடம் ஒதுக்கியதால் எழுத்துமுறையை மாற்றும் குறி தேவையற்றுப்போனது. தடித்த எழுத்தும் அடிக்கோடும் எளிய உரையின் வேலை அல்ல என்று யூனிகோட் அவற்றை வெளியே நிறுத்தியது. ஜிஸ்ட் அட்டை பழைய கணினிகளோடு போயிற்று. அந்தக் காலத்தில் இஸ்கியில் எழுதிச் சேமித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது அலங்காரக் குறிகள் வழியில் உதிர்ந்தாலும் ஒரு சொல்கூட உதிர வேண்டியதில்லை. தமிழின் எழுத்துருக் காலத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். 1990களின் இறுதியில் தமிழ் இணையப் பக்கங்கள் தத்தமக்கென ஓர் எழுத்துருவையும் அதற்கேற்ற குறியேற்றத்தையும் வைத்திருந்தன. அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் திரையில் பொருளற்ற லத்தீன் எழுத்துகளே நிற்கும். காட்டும் கருவி இல்லாமல் எழுத்து எழுத்தாகவே இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு பொதுக் குறியேற்றத்துக்கு முனைந்ததும் இந்தச் சிதறலைக் கண்டுதான். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் மயிலை எழுத்துருவில் ஆரம்பித்து, தகுதரக் குறியேற்றத்துக்கும் பிறகு யூனிகோடுக்கும் மாறி வந்தது. நூல்கள் எந்த மென்பொருளுக்குள்ளும் அடைபடாமல் எளிய உரையாக இருந்ததாலேயே இத்தனை மாற்றங்களையும் அவை தாண்டின.

இணையம் வந்த பிறகு இயங்கும் கூறுகளின் வரலாறு வேகம் பிடித்தது. 1990களின் நடுவில் ஜாவா ஆப்லெட், அதைத் தொடர்ந்து ஃபிளாஷ். பள்ளிப் பாடங்களும் அறிவியல் விளக்கங்களும் பெருமளவில் ஃபிளாஷில் செய்யப்பட்டன. அவற்றில் பலவற்றின் சொற்களும் அந்தக் கோப்புக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தன. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவு நின்றபோது அசைவோடு சேர்ந்து விளக்கமும் போயிற்று. இதற்கு எதிர்த்திசையில், 2004இல் ஜான் க்ரூபர் மார்க்டவுனை வெளியிட்டார். ஆரன் ஸ்வார்ட்ஸ் அதில் துணைநின்றார். மின்னஞ்சலில் மக்கள் ஏற்கெனவே பழகியிருந்த வழக்கங்களை, அழுத்தத்துக்கு நட்சத்திரக் குறி, மேற்கோளுக்கு அம்புக்குறி என்று, அப்படியே விதிகளாக்கினார்கள். மூலக்கோப்பே படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது அதன் முதல் நோக்கம். இன்னொரு முடிவையும் க்ரூபர் எடுத்தார்: மார்க்டவுனில் சொல்ல முடியாததை எச்டிஎம்எல் குறிகளாக நடுவிலேயே எழுதிக்கொள்ளலாம். தூய்மையை வற்புறுத்துபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கலப்புக்கான கதவு மார்க்டவுன் பிறந்த நாளிலேயே திறந்துதான் இருந்தது.

அந்தக் கதவு வழியே பலர் வந்தார்கள். 2008இல் வேர்ட்பிரஸ் சதுர அடைப்புக்குறிக்குள் எழுதும் ஷார்ட்கோடுகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் வந்த ஜெக்கில் என்ற தளம் கட்டும் கருவி, மார்க்டவுன் கோப்புக்குள் வார்ப்புருக் கட்டளைகளை எழுத விட்டது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகளிலும் இதே கலப்புதான்: உரைக்கு நடுவே இரட்டை நெளி அடைப்புக்குறிக்குள் ஒரு வார்ப்புருவின் பெயரும் அதற்குத் தேவையான விவரங்களும் இருக்கும், வார்ப்புரு எப்படி வேலை செய்கிறது என்பது வேறொரு பக்கத்தில் இருக்கும். 2013இல் விக்கிமீடியா லுவா என்ற நிரல்மொழியைக் கொண்டுவந்தபோது பல வார்ப்புருக்களின் உட்புறம் மாற்றி எழுதப்பட்டது. அவற்றைப் பயன்படுத்திய கட்டுரைகளைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளர்கள் பக்கத்தில், 2012 அளவில் யீஹுய் ஷியே உருவாக்கிய நிட்டர், மார்க்டவுனுக்குள் கணக்கிடும் நிரலை எழுதி முடிவைப் பத்திக்குள் கொண்டுவந்தது. 2011இல் ஐபைதான் நோட்புக்காகத் தொடங்கி 2014இல் ஜூபிடர் எனப் பெயர்பெற்ற கருவி, நிரலையும் அதன் கடைசி விடையையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தது. நிரலை இயக்க முடியாதவரும் ஜூபிடர் கோப்பில் கடைசியாக வந்த வரைபடத்தைப் பார்க்க முடியும். நிலைத்த இரண்டு முறைகளிலும் அடிப்படை ஒன்றே: விக்கியில் உரையில் இருப்பது கூறின் பெயர் மட்டும், ஜூபிடரில் கூறு ஓய்ந்தாலும் அதன் விடை கோப்பில் தங்குகிறது.

எம்டிஎக்ஸை இந்த வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டும். 2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட், இணையப் பக்கத்தைச் சிறுசிறு கூறுகளாகக் கட்டும் பழக்கத்தைப் பரப்பியது. 2018இல் ஜான் ஓட்டாண்டர் முன்னின்று உருவாக்கிய எம்டிஎக்ஸ், அந்தக் கூறுகளை மார்க்டவுன் பத்திகளுக்கு நடுவே அப்படியே எழுத வழிசெய்தது. 2019இல் முதல் பதிப்பு, 2022இல் இரண்டாவது, 2023இல் மூன்றாவது. அதன் வலிமை உண்மையானது. எழுதுபவர் பத்தியிலிருந்து வெளியேறாமலே வரைபடத்தையோ கணக்கியையோ எச்சரிக்கைப் பெட்டியையோ வைக்கலாம். ஆனால் அதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. சிறியது என்ற குறியையும் நெளி அடைப்பையும் எம்டிஎக்ஸ் நிரலின் தொடக்கமாக எடுத்துக்கொள்கிறது. ‘அழுத்தம் 10 பாருக்கும் குறைவு’ என்பதை ஒரு பொறியாளர் கணிதக் குறியால் எழுதினால், மார்க்டவுனில் சாதாரணமாக இருந்த அந்த வரி எம்டிஎக்ஸில் முழுக் கோப்பையும் பிழையாக்கி நிறுத்திவிடக்கூடும். கோப்பின் தலையில் எழுதப்படும் இறக்குமதி வரிகள் அந்தக் கட்டுரையை ஒரு குறிப்பிட்ட திட்டத்தின் கோப்புறைகளோடு கட்டிப்போடுகின்றன. ரியாக்டில் கூறு எழுதும் பாணியே 2019இல் ஹூக்ஸ் என்ற புதிய எழுதுமுறை வந்தபின் மாறிவிட்டது. நீராவியின் உள்ளுறை வெப்பம் மாறாதது. அதைக் காட்டும் கூறின் எழுத்துநடை சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே கோப்பில் எல்லை இல்லாமல் பிணைத்தால், மாறாதது மாறுவதன் ஆயுளுக்கு இறங்கிவிடும்.

இதற்கு முதல் மறுப்பு கற்பித்தல் பக்கத்திலிருந்து வரும். கையால் இழுத்துப் பார்த்துப் புரிந்துகொள்வதை எந்தப் பத்தியாலும் ஈடுசெய்ய முடியாது, 2011இல் பிரெட் விக்டர் முன்வைத்த ‘ஆராயக்கூடிய விளக்கம்’ என்ற கருத்து அதைத்தானே காட்டியது என்பார்கள். அந்த வாதத்தின் பாதி உண்மை. நகர்த்துப் பட்டையை இழுக்கும் மாணவர், உள்ளுறை வெப்பம் குறைவது முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நடப்பதைக் கண்ணால் பார்க்கிறார். அட்டவணையின் எண்கள் அதை அவ்வளவு எளிதில் உணர்த்தா. ஆனால் பட்டை எதைக் காட்டுகிறது, அது ஏன் தொழிற்சாலைக்கு முக்கியம், குழாயில் எந்த அழுத்தத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பதைப் பட்டை சொல்லாது. பத்திதான் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று அளவுகளைப் பத்தியிலேயே எழுதிவிட்டால், திரைவாசிப்பான் கொண்டு படிக்கும் பார்வையற்ற மாணவருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஏறாத மலிவான கைப்பேசியில் படிப்பவருக்கும், தாளில் அச்சிட்டு எடுத்துப்போகும் பாய்லர் பணியாளருக்கும் பாடம் முழுதாகவே சேரும். கூறு மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தரட்டும். இவர்களிடமிருந்து எதையும் பறிக்கக் கூடாது.

இரண்டாவது மறுப்பு: எல்லாத் தொழில்நுட்பமும் பழசாகத்தான் செய்யும், முடிக்கப்பட்ட பக்கத்தைச் சேமித்து வைத்தால் போதாதா? போதாது. சேமித்த பக்கம் பார்ப்பதற்கு உதவும். திருத்துவதற்கும் விரிப்பதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் மூலமே வேண்டும். புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் இதற்கு வேறொரு துறையிலிருந்து சான்று தருகிறது. 1919இல் தொடங்கி 1966இல் நிறைவேறிய மகாபாரதச் செம்பதிப்பில் மூலபாடம் பக்கத்தின் மேலேயும், பல்வேறு ஏடுகளின் பாடபேதங்கள் கீழேயும் பிரித்து அச்சிடப்பட்டன. கீழ்ப்பகுதி இல்லாமல் அந்தப் பதிப்புக்கு ஆய்வு மதிப்பு கிடையாது. ஆனாலும் மேற்பகுதி அதை நம்பி நிற்கவில்லை. அதனால்தான் ஜப்பானிய அறிஞர் முனேயோ தொகுனாகா பிற்காலத்தில் அந்த மூலபாடத்தைக் கணினியில் ஏற்ற முடிந்தது. கேம்பிரிட்ஜின் ஜான் ஸ்மித் அதைச் செம்மைப்படுத்த முடிந்தது. மேலும் கீழும் கலந்து அச்சாகியிருந்தால் அந்தப் பணி பல மடங்கு கடினமாகியிருக்கும்.

மூன்றாவது மறுப்பு எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: அப்படியென்றால் கூறே வேண்டாம், வெறும் மார்க்டவுன் போதும் என்று. ஈக்யூஎன் இல்லாமல் யூனிக்ஸ் ஆவணங்களில் கணிதம் இருந்திருக்காது. வார்ப்புரு இல்லாமல் விக்கிப்பீடியாவின் லட்சக்கணக்கான தகவல்பெட்டிகளைப் பராமரிக்க முடியாது. கலப்பு தேவையிலிருந்து பிறந்தது, அது தொடரும். ஆகவே ஒழுங்கு வேண்டும் என்பதே என் நிலை. இந்தத் தொழிலில் இருப்பவர்களே அந்தத் திசையில் நகர்ந்திருப்பது நம்பிக்கை தருகிறது. 2022இல் ஸ்ட்ரைப் நிறுவனம் வெளியிட்ட மார்க்டாக், ஆவணத்துக்குள் தாறுமாறாக நிரல் எழுத இடம் தராமல், பெயரிட்ட குறிகளை மட்டும் அனுமதிக்கிறது. 2021இல் வந்த ஆஸ்ட்ரோ, பக்கம் முழுவதையும் இயங்காத உரையாகவே அனுப்பி, இயங்க வேண்டிய இடங்களை மட்டும் தனித்தீவுகளாக விடுகிறது. எம்டிஎக்ஸிலும் இறக்குமதி வரி எழுதாமல் பெயரை மட்டும் உரையில் இட்டு, எந்தப் பெயருக்கு எந்தக் கூறு என்பதை வெளியே முடிவுசெய்யும் வழி இருக்கிறது. விக்கி வார்ப்புரு காட்டிய வழிக்குத்தான் இவை எல்லாம் திரும்பி வருகின்றன.

தமிழில் எழுதுபவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் பொருந்தும். ரியாக்டின் ஆவணங்களே கூறுகள் கலந்த மார்க்டவுனில் எழுதப்பட்டவை. 2019 முதல் உலக மொழிகள் பலவற்றில் நடக்கும் அவற்றின் மொழிபெயர்ப்பு முயற்சிகளில் தமிழும் ஒன்று. மொழிபெயர்ப்பாளர் திறக்கும் கோப்பில் பத்திகள் தெளிவாகவும் கூறுகள் பெயரளவிலும் இருந்தால், நிரல் தெரியாத நல்ல தமிழ் எழுத்தாளரும் அதில் கைவைக்கலாம். வாக்கியத்தின் பாதி கூறுக்குள் போய்விட்டால், தமிழ் தெரிந்தவருக்கு நிரல் தெரியாமலும், நிரல் தெரிந்தவருக்குத் தமிழ் கைவராமலும் வேலை நடுவில் நின்றுவிடும். ஆகவே நடைமுறையில் நான்கு காரியங்களைச் செய்யலாம். கூறை நினைக்காமல் பத்தியை முதலில் முழுதாக எழுத வேண்டும். கூறின் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே, அது இயங்காவிட்டால் காட்ட வேண்டிய இரண்டு மூன்று அளவுகளையாவது சாதாரண உரையாக வைக்க வேண்டும். எண்களையும் தரவுகளையும் தனிக்கோப்பில் வைக்க வேண்டும். ஒரு தளத்துக்குச் சில கூறுகள் போதும் என்று வரையறுத்து, அவற்றின் பெயர்களைக் கட்டுரை எழுதுபவர் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குக் குறைக்க வேண்டும்.

ஒரு நூற்றாண்டில் பலமுறை எழுத்தைக் கருவியிலிருந்து கருவிக்குச் சுமந்து வந்த மொழி தமிழ். ஈயஎழுத்து, தட்டச்சுப்பொறி, ஜிஸ்ட் அட்டை, தனித்தனி எழுத்துரு, யூனிகோட் என்று வந்த ஒவ்வொரு மாற்றத்திலும், கருவியைச் சாராமல் எழுதப்பட்டதே முழுதாகக் கடந்து வந்தது. அடுத்த மாற்றம் எப்போது வரும் என்று ரியாக்டும் எம்டிஎக்ஸும் நமக்கு உறுதி சொல்ல முடியாது. கசார்வாடியின் நீராவியைப் பற்றி இன்று தமிழில் எழுதப்படும் ஒரு பாடம் இன்னும் முப்பது ஆண்டு கழித்தும் ஒரு மாணவருக்குப் பயன்பட வேண்டுமென்றால், அதை எழுதுபவர் இன்றே உரைக்கும் கூறுக்கும் இடையிலான எல்லையைக் கோட்டால் வரைந்து எழுத வேண்டும். அதைச் செய்ய எந்தப் புதிய கருவிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.